பாதாளத்தானுக்கு எடுத்த மாவிளக்கு

அம்மாசி அண்ணனின் முகத்தைக் கரடி கிழித்தது என்று ராசிபுரம் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அது பாதிக் கதை. மீதிப் பாதியை அவர் கடலை மண்டியில் எங்கள் முன்னால் சொன்னார். அன்று கேட்டவர்களில் இன்று நான்தான் மிச்சம். எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் காது நன்றாகக் கேட்கும், அன்றைக்கும் நன்றாகத்தான் கேட்டது. அதனால் நான் சொல்கிறபடியே இருக்கட்டும், நடுவில் யாரும் திருத்த வேண்டாம்.

அவர் எனக்குப் பெரியப்பன் மகன். அமாவாசையன்று பிறந்ததால் அம்மாசி என்று பேர் வைத்தார்கள். போதமலை அடிவாரத்தில் எங்களுக்கு மேட்டாங்காடு. மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் மலையில் விறகு. இளவட்டமாக இருந்தபோது அண்ணனுக்கு அப்படியொரு முகம். தெருக்கூத்துக்காரர்கள் வந்து, பெண் வேஷம் கட்ட இந்தப் பையனைக் கொடுங்கள் என்று பெரியப்பனிடம் கெஞ்சிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மழை பொய்த்த ஒரு வருசம், விறகுக்கு மலையேறிய அண்ணனைக் கரடி மறித்து அறைந்துவிட்டது என்றார்கள். இடது கண் போயிற்று. மூக்கில் பாதி போயிற்று. கன்னத்துச் சதை பிய்ந்து தொங்கிற்று. வாய் மட்டும் தப்பியது. மறுநாள் சுற்றுப்பட்டு ஊர் ஆண்கள் வேல்கம்போடு மலையேறி அந்தக் கரடியைக் குத்திக் கொன்றார்கள். கால்களை மூங்கிலில் கட்டித் தொங்கவிட்டுத் தூக்கி வந்து புளியமரத்தடியில் போட்டார்கள். கொன்றவர்களுக்கு ஆரத்தி எடுத்தது ஊர். செத்த கரடியின் மேல் குழந்தைகள்கூடத் துப்பினார்கள். அன்று மாலை அண்ணனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன வண்டி அந்த மரத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். வண்டியை நிறுத்தி, உன்னைக் கெடுத்த பேயைச் சாய்த்துவிட்டோம், பார்த்துக்கொள் என்று காட்டினார்களாம். அண்ணன் மிச்சமிருந்த ஒரு கண்ணையும் மூடிக்கொண்டாராம். வலியால் மூடினார் என்று நினைத்தோம்.

சேலத்து ஆஸ்பத்திரியில் வெகுகாலம் கிடந்தார். அங்கே ஒரு கம்பவுண்டர் பொழுது போகாமல் அவருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். ஊர் திரும்பும்போது ஒரு தடித்த கதைப் புத்தகத்தையும் கொடுத்தனுப்பினார். அட்டையும் முதல் தாள்களும் கிழிந்துபோன புத்தகம். அதற்குப் பேர் என்ன, எழுதிய புண்ணியவான் யார் என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியாது.

ஊரில் எல்லோரும் அண்ணன்மேல் இரக்கமாகத்தான் இருந்தார்கள். கடலை மண்டிக்காரர் கூப்பிட்டு வேலை கொடுத்தார். அது வெள்ளைக்காரர் காலத்து உலகச் சண்டைக்குச் சற்று முந்தி. காட்டிலிருந்து வரும் கடலைக்காயைப் பெண்கள் நாங்கள் வட்டமாக உட்கார்ந்து கையால் உடைப்போம். பருப்பை மூட்டையில் நிரப்பினால் கோணி ஊசியால் வாயைத் தைப்பது அண்ணன் வேலை. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த மூட்டையின் வாயைத் தைப்பதானாலும், தைக்கும் முன்பு கையை முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுத் துழாவிப் பார்ப்பார். உள்ளே பிள்ளையா கிடக்கிறது, தைத்துத் தள்ளுங்கள் என்று எங்கள் வட்டத்துச் செல்லியம்மாள் கேலி செய்வாள். அவர் துழாவிவிட்டுத்தான் தைப்பார்.

பிள்ளைத்தாச்சிகள் கோரத்தைப் பார்க்கக் கூடாது என்பார்கள். எங்கள் வட்டத்தில் எப்போதும் ஒன்றிரண்டு பேர் வயிற்றுப்பிள்ளையோடு இருப்போம். யாரும் அவரிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. மேஸ்திரி ஆண்டிதான் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். அதிலென்னங்க என்று அண்ணன் தாமே மூட்டைகளை ஆளுயரத்துக்குச் சுவர்போல அடுக்கி, அதற்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். பிறகு எங்களுக்கு அவர் குரல் மட்டும்தான்.

எங்களில் சாலம்மாள் ஒருத்திதான் அந்தச் சுவரைச் சுற்றிப் போவாள். அவளுடைய ஒரே மகன் தோட்டத்துக் கிணற்றில் விழுந்து போய்விட்டான். அதன்பின் அவளுக்குப் பிள்ளை இல்லை. எனக்கினிப் பார்க்கக் கூடாதது எது இருக்கிறது என்று, மத்தியானம் கம்பங்கூழைக் கரைத்து எடுத்துக்கொண்டு போய் அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து ஊற்றிவிட்டு வருவாள். நாளில் அந்த ஒரு நாழிதான் அண்ணன் ஒரு மனிதமுகத்தைப் பார்த்தது.

வேலை இல்லாதபோது அவர் சுவருக்குப் பின்னால் முணுமுணுவென்று படித்துக்கொண்டிருப்பார். சத்தமாகத்தான் படியுங்களேன் என்றாள் செல்லியம்மாள். அப்படித் தொடங்கியது. மேஸ்திரிக்கு எப்போதும் ஒரே கவலை, நாங்கள் உடைக்கிற பருப்பை வாயில் போட்டுக்கொள்கிறோம் என்று. கதை கேட்கிற வாய் மெல்லுவதில்லை என்று கண்டுபிடித்ததும், தைக்கிற வேலையைக் கூடக் குறைத்துக்கொண்டு படி என்று அண்ணனுக்கு உத்தரவே போட்டுவிட்டார்.

கதை இதுதான். மலைமேல் ஒரு ஜமீன் மாளிகை. அதன் அடியில் பாதாள அறை. அதற்குள்ளிருந்து ஒன்று அமாவாசை தோறும் வெளியே வருகிறது. உடம்பெல்லாம் உரோமம், துருத்திய தாடை. ஆடுமாடு கழுத்து முறிந்து கிடக்கிறது, காவல்காரன் வாயடைத்துப் போகிறான். நாங்கள் அதற்குப் பாதாளத்தான் என்று பேர் வைத்துக்கொண்டோம். முதலில் எங்களுக்கெல்லாம் ஒரே எண்ணம், அதைக் கொன்றுவிட வேண்டும். ஜமீன்தார் துப்பாக்கி எடுத்துக்கொண்டு போய்ச் சுடாமல் திரும்பிய இடத்தைப் படித்த அன்று செல்லியம்மாள் உடைத்த கடலைத்தோலை அள்ளி மூட்டைச் சுவரின்மேல் வீசினாள்.

"கைல துப்பாக்கிய வெச்சுக்கிட்டு என்னத்துக்குங்கண்ணா சும்மா வாரான்? எங்கிட்டக் கொடுக்கச் சொல்லுங்க."

பிறகு ஒருநாள் கதை திரும்பிக்கொண்டது. பாதாளத்தான் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. ஜமீன்தாரின் மூத்த மகன். பிறந்தபோதே அந்த உருவத்தோடு பிறந்தவன். பிள்ளை செத்துப் பிறந்தது என்று பெற்றவளிடமே பொய் சொல்லி, அவனைக் கீழே அடைத்து வளர்த்துவிட்டார்கள். மேல்மாடியில் அவள் அடுத்த பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடுவாள். காற்றுத் துவாரத்தில் காதை வைத்து இவன் கேட்டுக்கொண்டிருப்பான். அந்தப் பாட்டுத்தான் அவன் கற்ற பேச்சு.

அன்று மண்டியில் ஒரு கையும் ஓடவில்லை. செல்லியம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டே, சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தன்னையே வைதுகொண்டாள். மேஸ்திரி ஆண்டி வந்து நின்று பார்த்தார்.

"ஏம்ப்பா அம்மாசி, பயமுறுத்தற எடமாப் பாத்துப் படி சாமி. நீ அழுக வெச்சயின்னா கை நின்னு போவுது."

அதன்பின் நாங்கள் பாதாளத்தான் கட்சி. அவனைத் துரத்துகிற ஊர்க்காரர்களை வைவோம். அவன் தாயைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் எங்களுக்கு. நோயில் விழுந்த தாயின் அறைக்கதவு வரைக்கும் அவன் வந்து நின்ற இடத்தில் அன்றைக்குப் பொழுது போய்விட்டது. சாலம்மாள் எழுந்தாள். தலைமுந்தானை முனையில் ஒரு மஞ்சள் துண்டை முடிந்துகொண்டு, கோயில் இருக்கிற திக்கைப் பார்த்துக் கும்பிட்டாள். அந்தத் தாய் அவனை ஒருமுறை மகனே என்று கூப்பிட்டுவிட்டால் ஐப்பசி நோம்பிக்கு மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுப்பதாக வேண்டிக்கொண்டாள்.

செல்லியம்மாளுக்குச் சிரிப்பு. "காயிதத்துல இருக்கறவனுக்கு நேர்த்தியா? அவன் எந்த ஊருன்னு அம்மன் கேட்டா என்னடி சொல்லுவே?"

"அம்மனுக்குத் தெரியாத ஊரு எதுக்கா?"

மறுநாள் அண்ணன் படித்தார். தாய் எழுந்து உட்கார்ந்தாள், அவனை மகனே என்றாள், அவன் மடியில் உயிர் விட்டாள். நாங்கள் செத்த வீட்டில் அழுவதுபோல அழுதோம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதைப் படிக்கும்போது அண்ணனின் குரல் ஓரிடத்தில் தடுக்கியது, தாள் புரட்டுகிற சத்தம் கனமாகக் கேட்டது. அழுகிற அழுகையில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

ஐப்பசி நோம்பி வந்தது. சாலம்மாள் பச்சரிசி ஊறவைத்து இடித்தாள், வெல்லம் போட்டாள். நாங்களும் ஆளுக்கொரு பிடி மாவு கொடுத்தோம். அண்ணன் வரவில்லை. கூட்டமான இடத்துக்கு அவர் வருவதில்லை. கோயிலில் பூசாரி, யார் பேருக்கு என்று கேட்டார். பாதாளத்தான் பேருக்கு என்று சாலம்மாள் துணிந்து சொன்னாள். பூசாரி விழித்தார். பின்னால் நின்ற போஸ்ட்மாஸ்டர் வீட்டம்மா சிரித்துவிட்டார். படித்த பெண்மணி, நல்ல மனுஷி, குத்திப் பேசுகிறவர் அல்ல. எந்தப் பாதாளத்தான் என்று விசாரித்தார். நாங்கள் கதையைச் சொன்னோம். அந்தப் புத்தகத்தைத் தாமும் படித்திருப்பதாகச் சொன்னவர், புரியாமல் கேட்டார்.

"தம்பியோட குழந்தையைத் தூக்கிட்டுப் போய்க் கிணத்துல போட்டானே, அவனுக்காம்மா மாவிளக்கு?"

விளக்கில் திரி எரிந்துகொண்டிருந்தது. சாலம்மாள் தட்டைக் கீழே வைக்கவும் இல்லை, மேலே தூக்கவும் இல்லை. அம்மனுக்கு ஏற்றிய விளக்கை ஊதி அணைக்க முடியுமா? அது தானாக எரிந்து முடியும்வரை தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். நாங்கள் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் அவள்தான் முதலில் மண்டிக்கு வந்தாள். நேரே சுவரைச் சுற்றிப் போனாள். கூழ்ச்சட்டி கையில் இல்லை. நாங்களும் பின்னாலேயே போனோம், வயிற்றுப்பிள்ளைக்காரிகள் உட்பட. புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். அவளுக்கும் எழுத்து தெரியாது. ஆனால் தேடியது கண்ணில் பட்டது. நடுவில் சில தாள்களை ஒன்றாகச் சேர்த்துக் கோணி ஊசியால், மூட்டை தைக்கிற சணலால், அண்ணன் விளிம்போடு தைத்து வைத்திருந்தார்.

"இதுக்குள்ள என்ன இருக்குது?"

அண்ணன் தலை குனிந்திருந்தார். உன் மகன் கிணற்றில் போனவன், உன் காதில் அதைப் படிக்க எனக்கு வாய் வரவில்லை என்றார்.

சாலம்மாள் சத்தம் போடவில்லை. "என்ற மகனைச் சாக்குச் சொல்லாதீங்கண்ணா. அவன் போனதிலிருந்து தெனம் அந்தக் கெணத்துலதான் நாந் தண்ணி சேந்தறேன். எனக்குன்னு தெச்சீங்களா, உங்களுக்குன்னு தெச்சீங்களா?"

பக்கத்தில் வாய் தைக்காத ஒரு மூட்டை நின்றது. பழக்கப்படி அண்ணன் கையை அதற்குள் விட்டுக்கொண்டு, கையை எடுக்காமலே சொல்லத் தொடங்கினார்.

மழை பொய்த்த அந்த வருசம் அவர் விறகுக்குப் போகவில்லை. கரடி ஆட்டிப் பிழைக்கிற ஒருவன் சந்தைக்கு வந்திருந்தான். குட்டி கிடைத்தால் நல்ல காசு கொடுப்பதாகச் சொல்லியிருந்தான். அண்ணன் கோணிச்சாக்கோடு குகைக்குப் போனார். தாய் இரை தேடப் போயிருந்தது. குட்டியைச் சாக்கில் போட்டு வாயைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு பாதி மலை இறங்கிவிட்டார். குட்டி உள்ளே கத்திற்று. அந்தச் சத்தத்துக்குத் தாய் வந்தது.

"சாக்கைக் கீழ போட்டிருந்தா அது என்னைத் தொட்டிருக்காது. போடலீங்க. காசை நெனச்சு இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன். அது என்னை அடிச்சதெல்லாம் சாக்குக்குத்தான்."

ஆட்கள் சத்தம் கேட்டு வந்தபோது தாய்க்கரடி ஓடிவிட்டது. சாக்கு புதருக்குள் உருண்டு கிடந்தது. வாய் கட்டியபடியே கிடந்தது. அதை யாரும் பார்க்கவில்லை, இவரும் சொல்லவில்லை. குட்டி அதற்குள்ளேயே செத்துப்போயிருக்கும். மறுநாள் ஆட்கள் மலையேறியபோது தாய்க்கரடி அந்தப் புதரை விட்டு அசையாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்ததாம். பேய்க்கரடி, ஆளைக் கண்டும் ஓடவில்லை பார் என்று அதைப் பெருமையாகச் சொன்னார்கள். ஏன் ஓடவில்லை என்று தெரிந்தவர் ஒருவர்தான். அவர் வண்டியில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார்.

"ஊரெல்லாம் எனக்கு எரக்கப்பட்டுது. கூழு ஊத்துச்சு. வேலை கொடுத்துச்சு. அது அத்தனையும் அந்தக் கரடி மேல துப்புன எச்சிலோட சேந்து வந்ததுங்க. எச்சியத் தின்னேன். பாதாளத்தானுக்காவது யாராச்சும் அழுகட்டுமேன்னு நெனச்சேன். கொழந்தையைக் கொன்னான்னு படிச்சா நீங்க அழுகமாட்டீங்க. அதான் தெச்சேன்."

புளியமரத்தடியில் துப்பிய பெண்கள் அங்கே பாதிப் பேர். சாலம்மாள் தரையில் உட்கார்ந்தாள். அவர் முகத்துக்கு நேரே அல்ல, கொஞ்சம் தள்ளி.

"பிரிச்சுப் படிங்க."

அண்ணன் சாக்கு அறுக்கிற கத்தியால் சணலை அறுத்தார். தாள் கிழியாமல் அறுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு படித்தார். அந்தக் கதவருகிலிருந்து ஊர் துரத்த ஓடிய பாதாளத்தான், தனக்கு வர வேண்டிய தாலாட்டைக் கேட்கிற தம்பி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனதை, அது சிரித்ததை, கிணற்றுமேட்டில் அவன் நின்றதை, தள்ளியதை எல்லாம் ஒரு சொல் விடாமல் படித்தார். சாலம்மாள் அசையவில்லை. கிணறு வந்த இடத்தில் மட்டும் உள்ளங்கையால் தரையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு, தைத்த தாளின் கடைசியில், நாங்கள் கேட்டிராத இன்னொன்றும் இருந்தது. நோயில் கிடந்த தாய்க்கு அந்தச் செய்தியைச் சொல்லிவிடுகிறார்கள். உன் பேரனைக் கிணற்றில் தள்ளியவன் மறுபடியும் கதவருகே வந்து நிற்கிறான் என்கிறார்கள். எல்லாம் தெரிந்துகொண்டுதான் அவள் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். தெரிந்துகொண்டுதான் மகனே என்று கூப்பிட்டிருக்கிறாள். நாங்கள் அழுத அழுகைக்குக் கீழே இவ்வளவு இருந்திருக்கிறது. அண்ணன் பாதாளத்தானைக் காப்பாற்றப் போய் அந்தத் தாயை எங்களுக்குக் காட்டாமல் மறைத்துவிட்டார்.

படித்து முடித்ததும் ஆளுக்கொன்று சொன்னார்கள். என்ன இருந்தாலும் பச்சைப்பிள்ளையைத் தொட்டவனைச் சுடத்தான் வேண்டும் என்றார்கள் சிலர். அடைத்து வைத்த அப்பனைத்தான் சுட வேண்டும் என்றாள் செல்லியம்மாள். சாலம்மாள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள்.

"பெத்தவ கூப்புட்டா. அது அவ மனசு. என்னால ஆகாது. வெளக்கு எரிஞ்சது எரிஞ்சதுதான், அதை நா அம்மங்கிட்டத் திருப்பிக் கேக்கமாட்டேன்."

அது கதைக்குச் சொன்னதா, அண்ணனுக்குச் சொன்னதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அன்றிலிருந்து அவள் கூழ் எடுத்துக்கொண்டு சுவரைச் சுற்றிப் போகவில்லை.

தை பிறந்ததும் மூட்டைகளை எல்லாம் வண்டியில் ஏற்றி ரயிலுக்கு அனுப்பினார்கள். சுவர் போய்விட்டது. அண்ணன் வெட்டவெளியில் உட்கார்ந்திருந்தார். புது மூட்டைகள் வந்தபோது, அடுக்கச் சொல்லி யாரும் கேட்காமலே அண்ணன் தாமே அடுக்கினார். முன்னைவிட ஒரு வரிசை உயரமாகவே அடுக்கினார். எங்கள் கண்ணுக்காக அல்ல என்று எங்களுக்குத் தெரிந்தது. செல்லியம்மாள் மட்டும் போய் மேல் வரிசை மூட்டை ஒன்றைப் புரட்டிக் கீழே தள்ளிவிட்டாள். படிப்பது காதில் விழவில்லையாம். அவளுக்குக் காதில் ஒரு குறையும் கிடையாது. அந்த ஓட்டை வழியாக அண்ணனின் நெற்றியும் ஒரு கண்ணும் தெரியும். அப்படியே படித்தார். அதே கதையை முதலிலிருந்து, தைத்த தாளையும் சேர்த்து.

அடுத்த ஐப்பசியில் சாலம்மாள் மறுபடியும் மாவிளக்கு எடுத்தாள். யாரும் வேண்டிக்கொள்ளச் சொல்லவில்லை. பூசாரி பழைய ஞாபகத்தில், இந்தத் தடவை யார் பேருக்கம்மா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பிள்ளையைப் பறிகொடுத்தவள் பேருக்கு என்றாள். தன்னைச் சொன்னாளா, ஜமீன் மாளிகைக்காரியைச் சொன்னாளா, புளியமரத்தடியில் கிடந்ததைச் சொன்னாளா, நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டாள்.

மறுநாள் அந்த மாவில் ஓர் உருண்டையை ஆலிலையில் வைத்துக் கொண்டுவந்தாள். சுவரைச் சுற்றிப் போகவில்லை. செல்லியம்மாள் செய்த அந்த ஓட்டையில் வைத்துவிட்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்து கடலை உடைக்கத் தொடங்கினாள். உள்ளேயிருந்து ஒரு கை நீண்டு அதை எடுத்துக்கொண்டது. அன்று அண்ணன் படிக்கவில்லை. மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு மத்தியானத்திலேயே கிளம்பினார். எங்கள் காட்டு வழியாகத்தான் மலைக்குப் போக வேண்டும், காட்டில் இருந்த என் வீட்டுக்காரர் பார்த்துச் சொல்லித்தான் நான் அறிந்தேன். இலையைத் துண்டில் முடிந்து, கையை அதன்மேல் வைத்துக்கொண்டு, கரடியைக் குத்திக் கொன்ற அந்தப் புதர்ப் பக்கமாக ஏறினாராம். இறங்கும்போது துண்டு தோளில் வெறுமனே கிடந்ததாம்.

அவர் அதில் ஒரு வாய் தின்றிருக்கலாம். சாலம்மாள் அவருக்கென்றுதான் கொடுத்தாள் என்று நான் சொல்வேன், யார் மறுத்தாலும் சொல்வேன். ஆனால் அவர் தின்னவில்லை. சண்டை முடிகிற வருசம் காய்ச்சலில் போய்ச் சேரும்வரை ஒவ்வொரு ஐப்பசியிலும் அந்த ஓட்டையில் ஓர் உருண்டை வந்தது. ஒவ்வொரு ஐப்பசியிலும் அதைத் துண்டில் முடிந்துகொண்டு அவர் மலையேறினார். ஒரு தடவைகூடத் தின்னவில்லை.